வெப்பமண்டலக் காட்டை இன்றைய மகரந்த மாதிரிகள் எவ்வாறு காட்டுகின்றன: களம் முதல் கணக்கு வரை ஒரு வழிகாட்டி

ஏரிச் சேற்றில் அடுக்கடுக்காகப் புதைந்து கிடக்கும் மகரந்தத் துகள்களை எண்ணி, அவ்விடத்தில் முன்பு எத்தகைய காடு நின்றது என்று சொல்லும் முறைக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. சுவீடன் நாட்டுப் புவியியலாளர் லெனார்ட் வான் போஸ்ட் 1916ஆம் ஆண்டில், இன்று ஓஸ்லோ என்று அழைக்கப்படும் கிறிஸ்டியானியாவில் ஆற்றிய உரையில் மகரந்த விழுக்காட்டு வரைபடத்தை முன்வைத்தார். அவர் எண்ணியவை பைன், பிர்ச், ஓக் போன்ற வடஐரோப்பிய மரங்களின் துகள்கள். அங்கே மரவகைகள் சிலவே. அவற்றுள் பெரும்பாலானவை மகரந்தத்தைக் காற்றில் கொட்டுபவை. வெப்பமண்டலக் காட்டில் இந்த இரண்டு வசதிகளும் கிடையா. ஒரே ஹெக்டேரில் நூற்றுக்கும் மேற்பட்ட மரச் சிற்றினங்கள் நிற்கலாம். பூக்கும் தாவரங்களில் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை பூச்சி, பறவை, வௌவால் ஆகியவற்றை நம்பி இருப்பவை.

ஆகவே பழைய சேற்றைப் படிப்பதற்கு முன்பு, இன்று கண்ணெதிரே நிற்கும் காடு தன் மகரந்தத்தில் எவ்வளவு உண்மையாகப் பதிவாகிறது என்பதை அளந்துகொள்ள வேண்டும். மகரந்த மாதிரி எப்போதும் சிதைந்த ஒரு பதிவே. சில இனங்களை அது பெரிதாக்குகிறது, சிலவற்றைச் சிறிதாக்குகிறது, சிலவற்றை முற்றிலும் விட்டுவிடுகிறது. அந்தச் சிதைவின் அளவு ஒவ்வோர் இனத்திற்கும் ஓரளவு நிலையானது என்பதால்தான் இம்முயற்சிக்கே பொருள் இருக்கிறது. கீழே வரும் படிகள், அந்தச் சிதைவை அளக்க விரும்பும் முதுநிலை மாணவர்களையும் கள ஆய்வாளர்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

படி 1: எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள்?

மூன்று வகையான கேள்விகள் இங்கே கலந்துவிடுவது வழக்கம். பசுமைமாறாக் காடு, இலையுதிர் காடு, புல்வெளி ஆகியவற்றை அவற்றின் மகரந்தத் தொகுப்பைக் கொண்டே பிரித்தறிய முடியுமா என்பது முதல் கேள்வி. ஒரு மரவகையின் மகரந்த விழுக்காட்டிலிருந்து காட்டில் அதன் பங்கைக் கணக்கிட முடியுமா என்பது இரண்டாவது. ஒரு மாதிரியில் விழும் மகரந்தம் எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறது என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் தெளிவான விடை கிடைக்கும். பொலிவியாவின் நோயல் கெம்ப் மெர்க்காடோ தேசியப் பூங்காவில், நிரந்தர ஆய்வு நிலத்துண்டுகளில் பொறிகளை வைத்து நடத்தப்பட்ட ஆய்வுகள் மழைக்காடு, வறண்ட காடு, புல்வெளி ஆகிய மூன்றையும் மகரந்தத்தால் வேறுபடுத்த முடியும் என்று காட்டியுள்ளன. இரண்டாவது கேள்விக்கு ஒருசில இனங்களுக்கு மட்டுமே நம்பத்தக்க விடை கிடைக்கும். எல்லா இனங்களுக்கும் விடை கிடைக்கும் என்று திட்ட முன்மொழிவில் எழுதுவது பின்னர் நம்மையே நெருக்கும்.

எந்தப் பழைய படிவத்தோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். ஏரிச் சேற்றைப் படிப்பதற்கு ஏரியின் மேற்பரப்புச் சேறே சரியான இணை. காட்டுத் தரையின் மண்ணை எடுத்து ஏரிச் சேற்றோடு ஒப்பிட்டால், வேறுபாடு காட்டால் வந்ததா மாதிரியின் தன்மையால் வந்ததா என்று பிரிக்க இயலாது.

படி 2: சிதைவு நேரும் இடங்களை முன்கூட்டியே அறிதல்

களத்திற்குச் செல்லும் முன்பு, ஆய்வுப் பகுதியின் முக்கியமான மரங்கள், கொடிகள், புதர்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் மகரந்தத்தை எவ்வாறு உண்டாக்குகிறது, எவ்வாறு வெளியிடுகிறது, அதன் துகள் எவ்வளவு காலம் தாங்கும் என்று நிரப்புங்கள். இந்தப் பட்டியல்தான் பின்னால் வரும் எண்களுக்குப் பொருள் தரும். ஆகவே இதில் செலவிடும் நேரத்தை வீண் என்று கருத வேண்டாம்.

மகரந்தம் பரவும் முறையே முதன்மையான காரணி. செல்டிஸ், ட்ரீமா, அல்கோர்னியா, அகாலிஃபா, மலோடஸ், மக்கராங்கா, செக்ரோபியா முதலிய பேரினங்கள் சிறிய, எளிய பூக்களில் ஏராளமான மகரந்தத்தை உண்டாக்குகின்றன. அதன் பெரும்பகுதி காற்றில் கலந்துவிடுகிறது. ஆசியக் காடுகளில் விதானத்தையே ஆளும் டிப்டெரோகார்ப் மரங்களோ, பெருந்தண்டுகளாக நிற்பினும் மகரந்த எண்ணிக்கையில் தம் பங்கைவிடக் குறைவாகவே தோன்றுகின்றன.

ஆனால் காற்றுவழி என்றால் மிகுதி, பூச்சிவழி என்றால் இன்மை என்று இரண்டாகப் பிரித்துவிடுவது தவறு. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் மார்க் புஷ்ஷும் ரிவேராவும் செய்த, 1998இலும் 2001இலும் வெளியான ஆய்வுகள், பூச்சிவழி இனங்களும் மகரந்த மழையில், அதாவது காட்டில் வந்து விழும் மகரந்தத்தில், இடம்பெறுகின்றன என்பதையும், தாவரத்தின் இனப்பெருக்க அமைப்பும் அந்த இடத்தை முடிவு செய்கிறது என்பதையும் எடுத்துக்காட்டின. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக உள்ள இனங்களில் மகரந்தம் ஒரு பூவிலிருந்து மற்றொரு பூவிற்குச் சென்றே ஆக வேண்டும். எனவே அவை கூடுதலாக உண்டாக்குகின்றன. வழியில் சிந்துவதும் கூடுதலாகிறது. இருபாற்பூ கொண்ட, பெரிய பூக்களில் குறைந்த மகரந்தத்தைப் பொதிந்து வைக்கும் இனங்கள் அவ்வளவாகச் சிந்துவதில்லை.

ஒரே குடும்பத்திற்குள்ளும் இந்த வேறுபாடு ஆழமாக ஓடுகிறது. மோரேசி குடும்பத்தின் துகள்கள் மழைக்காட்டின் மகரந்தத் தொகுப்புகளில் பல நேரம் முதலிடம் வகிக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு, காற்றில் மகரந்தம் பரப்பும் பேரினங்களுக்கு உரியது. அதே குடும்பத்தைச் சேர்ந்த அத்தியின் பூக்கள் மூடிய காயின் உட்புறத்தில் இருக்கின்றன. குளவி நுழைந்து வெளியேறும்போது சுமந்து செல்வதைத் தவிர வெளியே கசிவது மிகக் குறைவு. அத்தி மரங்கள் செறிந்த காட்டில் மோரேசி விழுக்காடு உயர்ந்திருந்தால், அது அத்தியைப் பற்றி ஏறத்தாழ ஒன்றும் சொல்வதில்லை.

அடுத்தது துகளின் சுவர். மகரந்தம் நெடுங்காலம் அழியாதிருப்பதற்குக் காரணம், வெளியுறையில் உள்ள ஸ்போரோபொல்லெனின் என்ற உறுதியான பொருள். இலவங்கப்பட்டை மரம் அடங்கிய லாரேசி குடும்பத்தின் துகள்களில் இந்த உறை மிக மெல்லியது. ஆய்வகத்தின் அமிலச் சுத்திகரிப்பையும் அது தாங்குவதில்லை. ஹெலிகோனியா, வாழை, மராந்தா உள்ளிட்ட இஞ்சி வரிசைத் தாவரங்களும் இவ்வாறே. எனவே லாரேசி மரங்கள் நிறைந்த மலைக்காட்டில் அவற்றின் மகரந்தம் சுழியமாக வருவதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. அந்தச் சுழியம் காட்டின் செய்தி அன்று, வேதியியலின் செய்தி.

இறுதியாகப் பயணம். ஹென்ரிக் டாபர் 1965இல், காட்டில் மகரந்தம் மூன்று வழிகளில் வந்து சேர்வதாகப் பிரித்துக் காட்டினார்: மரத்தண்டுகளுக்கிடையே நகர்வது, விதானத்திற்கு மேலே காற்றில் செல்வது, மழையோடு இறங்குவது. செறிந்த மழைக்காட்டின் உட்புறத்தில் காற்று ஏறக்குறைய அசைவற்று இருப்பதால் முதல் வழி வலுவிழக்கிறது. அதற்கு ஈடாக, பூக்களும் மகரந்தப்பைகளும் அப்படியே உதிர்ந்து விழுவது இங்கே பெரும் பங்கு வகிக்கிறது. பூச்சிவழி இனங்களின் மகரந்தம் பெரும்பாலும் தாய்மரத்தைச் சுற்றிய சில பத்து மீட்டர்களுக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. வடக்கு நாடுகளுக்காக உருவான பரவல் மாதிரிகள் காற்றையே ஒரே ஊர்தியாகக் கொள்கின்றன. அவற்றை இங்கே அப்படியே இறக்கிப் பயன்படுத்தும்போது இந்த அடிப்படை முரண்பாட்டை மறந்துவிடக் கூடாது.

படி 3: தாவரக் கணக்கெடுப்பு

மகரந்தத்தை எவ்வளவு நுட்பமாக எண்ணினாலும், ஒப்பிடுவதற்கான தாவரத் தரவு முரடாக இருந்தால் பயனில்லை. காட்டுச் சூழலியலில் வழக்கமான ஒரு ஹெக்டேர் நிலத்துண்டை, அதாவது 100 மீட்டருக்கு 100 மீட்டர் பரப்பை, 20 மீட்டர் பக்கமுள்ள 25 சதுரங்களாகப் பிரித்து, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் 10 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ விட்டமுள்ள ஒவ்வொரு மரத்தையும் அளந்து, இனம் கண்டு, அதன் இடத்தை ஆயத்தொலைவுகளோடு குறிக்க வேண்டும். மரங்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் அடிப்பரப்பே, அதாவது தண்டுகளின் குறுக்குவெட்டுப் பரப்புகளின் கூட்டுத்தொகையே, மகரந்த உற்பத்தியோடு நெருங்கிய தொடர்புடையது. வாய்ப்பிருந்தால் விதானத்தில் ஒவ்வோர் இனமும் மூடியுள்ள பரப்பையும் மதிப்பிடுங்கள். பூப்பது தண்டு அன்று, வெளிச்சம் படும் கிளைகளே.

பத்து சென்டிமீட்டர் என்ற வரம்பு மர ஆய்வாளர்களுக்குப் போதுமானது. மகரந்த ஆய்வாளருக்குப் போதாது. அகாலிஃபா, பைப்பர் போன்ற புதர்கள், பெருங்கொடிகள், புற்கள், கோரைகள், தொற்றிவாழும் பெரணிகள் ஆகியவை இந்த வலையில் சிக்குவதில்லை, மகரந்தப் பட்டியலிலோ தவறாமல் இடம்பெறும். ஒவ்வொரு சதுரத்திற்குள்ளும் ஒரு சிறு துண்டை ஒதுக்கி இவற்றைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நிலத்துண்டின் எல்லைக்கு வெளியே வேரூன்றி, கிளைகளை உள்ளே நீட்டியிருக்கும் பெருமரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே நிரந்தரக் கணக்கெடுப்பு நடக்கும் இடத்தில் வேலை செய்ய அனுமதி கிடைத்தால், பாதிச் சுமை குறைந்துவிடும். பாரோ கொலராடோவின் 50 ஹெக்டேர் நிலத்துண்டில் 1 சென்டிமீட்டர் விட்டத்திற்குக் குறையாத ஒவ்வொரு மரமும் புதரும் 1980களின் தொடக்கத்திலிருந்து வரைபடமாக்கப்பட்டு வருகிறது. மகரந்த மழையை மரத்துக்கு மரம் ஒப்பிடும் ஆய்வுகள் அங்கே நிகழ்ந்ததற்கு அதுவே காரணம். நிலத்துண்டில் என்ன பூத்தது, எப்போது பூத்தது என்ற மாதாந்தரக் குறிப்பையும் வைத்திருங்கள்.

படி 4: மாதிரியைத் தேர்ந்து சேகரித்தல்

நான்கு வகை மாதிரிகள் பழக்கத்தில் உள்ளன. எளிதாகக் கிடைப்பது தரையின் மேல்மண். இலைச்சருகை ஒதுக்கிவிட்டு, மேலுள்ள ஒரு சென்டிமீட்டருக்குள், 10 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் பதினைந்து இருபது இடங்களிலிருந்து சிட்டிகை சிட்டிகையாக எடுத்துக் கலக்க வேண்டும். ஒரே இடத்தில் எடுத்தால், அங்கே உதிர்ந்து விழுந்த ஒரு பூ மட்டுமே முழு மாதிரியையும் ஆண்டுவிடும். வெப்பமண்டல மண்ணின் குறை என்னவென்றால், வெப்பமும் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து துகள்களை விரைவாகச் சிதைக்கின்றன. பூஞ்சைகள் சுவரைத் துளைக்கின்றன. கறையானும் மண்புழுவும் மேல்மண்ணையும் கீழ்மண்ணையும் புரட்டிவிடுகின்றன. அதனால் மண் மாதிரி எத்தனை ஆண்டு மகரந்தத்தைத் தாங்கியுள்ளது என்று துல்லியமாகச் சொல்ல இயலாது. தடித்த சுவருள்ள பெரணி வித்துகள் மண்ணில் மிகுந்து காணப்படுவதும் பெரும்பாலும் இந்தத் தேர்ந்தெடுத்த அழிவின் விளைவே.

பாசித் திட்டுகள் துகள்களைச் சிறைப்பிடித்து நன்றாகக் காக்கின்றன. சில ஆண்டுகளின் மகரந்தம் ஒன்றாகக் கிடைக்கும். மலைக்காடுகளில் இவை தாராளமாக உண்டு. தாழ்நிலக் காடுகளில் அரிது என்பதால், எல்லா நிலத்துண்டுகளிலும் ஒரே வகை மாதிரி வேண்டும் என்ற விதியை இவை உடைத்துவிடும்.

ஏரியின் மேற்பரப்புச் சேற்றை எடுக்கும்போது, சேறும் நீரும் சந்திக்கும் படலம் கலையாமல் உருவும் குழாய்க்கருவி தேவை. மேலுள்ள அரை முதல் ஒரு சென்டிமீட்டர் போதும். நீர்நிலையின் பரப்பு பெரிதாகும்போது, அதில் விழும் மகரந்தத்தில் தொலைவிலிருந்து வருவதன் பங்கு கூடுகிறது. சிறு குட்டை கரையோர மரங்களையே பேசும். பெரிய ஏரி வட்டாரத்தையே பேசும். ஆறு வந்து சேரும் ஏரியானால், அந்த ஆற்றின் வடிநிலம் முழுவதும் கணக்கில் வந்துவிடுகிறது. அத்தகைய ஏரியின் மாதிரியைக் கரையில் அளந்த ஒரு ஹெக்டேரோடு ஒப்பிடுவது பொருளற்றது.

நான்காவது வகை, செயற்கைப் பொறி. கால அளவும் பரப்பளவும் நம் கட்டுப்பாட்டில் இருப்பதால், துல்லியமான ஒப்பீட்டுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். வட ஐரோப்பாவில் பழக்கமான டாபர் பொறி, நடுவே துளையுள்ள மூடி கொண்ட ஒரு கொள்கலம். மழைக்காட்டின் மழையில் அது நிரம்பி வழிந்து, பிடித்த துகள்களையும் இழந்துவிடும். இதற்குத் தீர்வாக, 1990களில் புனல் வடிவப் பொறிகள் பழக்கத்திற்கு வந்தன: புனலின் கழுத்தில் வடிதாளும் அதன்மேல் ரேயான் இழையும் வைத்தால், நீர் வடிந்துபோகும், துகள் இழையில் தங்கும். ரேயான் செல்லுலோஸால் ஆனது என்பதால் பின்னர் ஆய்வகத்தில் அமிலக் கலவையிலேயே கரைந்துவிடும். இந்த எளிய பொருத்தம்தான் அம்முறையின் சிறப்பு.

பொறிகளை வைக்கும்போது சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்க வேண்டும். ஒரு நிலத்துண்டில் ஐந்துக்குக் குறையாமல் பரப்பி வையுங்கள். அருகருகே நிற்கும் இரண்டு பொறிகளே வெவ்வேறு படத்தைத் தருவது இக்காடுகளில் இயல்பு. அந்த மாறுபாடும் அளக்கப்பட வேண்டிய ஒன்றே. மண்ணிலிருந்து மழைத்துளி தெறிக்காதபடி தரைக்குச் சற்று உயர்த்தி நிறுத்துங்கள். சருகும் பூச்சியும் விழாதிருக்க அகன்ற கண்ணுள்ள வலையால் மூடுங்கள். திறக்காத ஒரு பொறியையும் உடன் வைத்து, ஆய்வக மாசைச் சோதிக்கப் பயன்படுத்துங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே வறண்ட மாதத்தில் இழையை மாற்றுங்கள். இல்லையெனில் ஒரே பூப்புக் காலம் இரண்டு ஆண்டுகளுக்குப் பிளவுபட்டுவிடும்.

ஓராண்டுத் தரவு போதாது என்பதை வலியுறுத்த வேண்டியுள்ளது. தென்கிழக்கு ஆசியாவின் டிப்டெரோகார்ப் மரங்கள் ஒழுங்கற்ற இடைவெளியில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பல சிற்றினங்களாகச் சேர்ந்து பூக்கின்றன. இந்தக் கூட்டுப்பூப்பு எல் நினோ ஆண்டுகளோடு தொடர்புடையது. மூங்கில்களில் பல வகைகள் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பூத்து மடிகின்றன. நீங்கள் பொறி வைத்த ஆண்டு வெற்று ஆண்டாக இருந்தால், காட்டின் முதன்மை மரமே இல்லாத ஒரு மகரந்தப் படம் கிடைக்கும். 2013இல் வெளியான பனாமாவின் பத்தாண்டுப் பொறி ஆய்வு, ஆண்டுக்கு ஆண்டு மகரந்த மழை எவ்வளவு மாறுகிறது என்பதைக் கண்டறியவே மேற்கொள்ளப்பட்டது. அத்தனை காலம் காத்திருக்க இயலாதவர்கள், பொறியோடு பாசியையோ ஏரிச் சேற்றையோ சேர்த்து எடுப்பது நல்லது; அவை பல ஆண்டுகளைத் தாமே சராசரியாக்கித் தருகின்றன.

படி 5: ஒப்பீட்டுத் தொகுப்பு

நிலத்துண்டில் பூக்கும் இனங்களின் மொட்டுகளிலிருந்தோ உலர்தாவரத் தொகுப்பின் மாதிரிகளிலிருந்தோ மகரந்தத்தை எடுத்து, கள மாதிரிகளுக்குச் செய்யும் அதே வேதிமுறையில் பதப்படுத்தி, நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடிச் சில்லுகளாக்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பிக்கப்பட்ட படத்தொகுப்புகள் துணைபுரியும். ஆயினும் மழைக்காட்டின் பல்வகைமைக்கு முன்னால் அவை எப்போதும் குறைபட்டவையே.

படி 6: ஆய்வகத்தில்

முதல் வேலை, எண்ணிக்கை தெரிந்த அந்நியத் துகள்களைச் சேர்ப்பது. லைகோபோடியம் என்ற பூக்காத தாவரத்தின் வித்துகள் அடங்கிய மாத்திரைகள் 1970களின் தொடக்கம் முதல் இதற்குப் பயன்படுகின்றன. இவற்றைப் பதப்படுத்தலின் தொடக்கத்திலேயே போட வேண்டும். அப்போதுதான் வழியில் இழக்கப்படும் துகள்களோடு அதே விகிதத்தில் இவையும் இழக்கப்பட்டு, கணக்கு நேராகும். ஆய்வுக் காட்டிலேயே லைகோபோடியம் வளர்கிறதென்றால் வேறு அடையாளத் துகளைத் தேர்ந்தெடுங்கள்.

மாத்திரை கரையவும் கார்பனேட்டு நீங்கவும் 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம். பின்பு மட்கிய கரிமப் பொருளைப் பிரிக்க 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கொதிநீர்த் தொட்டியில் சில நிமிடங்கள். அடுத்து ஏறக்குறைய 180 மைக்ரோமீட்டர் கண்ணுள்ள சல்லடை. மிக நுண்ணிய துகள்களைக் கழுவி நீக்கும் 10 மைக்ரோமீட்டர் சல்லடையைத் தவிர்க்க வேண்டும். செக்ரோபியாவின் துகள் அதைவிடச் சிறியது. ஒரே கழுவலில் காட்டின் மிக முக்கியமான அடையாளம் ஒன்று தொட்டியில் போய்விடும்.

மண்ணிலும் சேற்றிலும் உள்ள மணலையும் களிமண்ணையும் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தேவைப்படும். தோலில் பட்டால் தொடக்கத்தில் வலி தெரியாமலே ஊடுருவி, உடலின் கால்சியத்தைப் பிணைத்து உயிருக்கே கேடு விளைவிக்கக்கூடிய அமிலம் இது. புகை உறிஞ்சும் அடுக்கு, உரிய கையுறை, முகக்காப்பு, கைக்கெட்டும் இடத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு, உடனிருக்க மற்றொருவர் ஆகிய ஐந்தும் இல்லாத இடத்தில் இதைத் திறக்கவே கூடாது. அத்தகைய வசதி இல்லாதவர்கள், சோடியம் பாலிடங்ஸ்டேட் போன்ற அடர்திரவத்தில் மகரந்தத்தை மிதக்கவிட்டுப் பிரிக்கும் முறையைக் கையாளலாம். பொறி இழைகளுக்குப் பெரும்பாலும் இந்தப் படி தேவைப்படாது.

இதன்பின் குன்னர் எர்ட்மன் வகுத்த அசிட்டாலிசிஸ்: அசிட்டிக் அன்ஹைட்ரைடு ஒன்பது பங்கு, அடர் கந்தக அமிலம் ஒரு பங்கு. இக்கலவை நீருடன் கடுமையாக வினைபுரியும் என்பதால், முன்னும் பின்னும் நீரற்ற அசிட்டிக் அமிலத்தால் கழுவுவது கட்டாயம். செல்லுலோஸ் கரைந்து, துகளின் உட்பொருள் நீங்கி, சுவரின் வடிவம் தெளிவாகத் தெரியும். மெல்லிய சுவருள்ள லாரேசி போன்றவை இங்கேதான் மறைகின்றன. அவை உங்கள் கேள்விக்கு முக்கியமானால், மாதிரியின் சிறு பகுதியை அமிலத்தில் இடாமல் சாயமேற்றித் தனியாகப் பாருங்கள். இறுதியில் ஆல்கஹாலால் நீரகற்றி சிலிக்கான் எண்ணெயில் ஏற்றினால், நோக்கும்போதே துகளைப் புரட்டிப் பார்க்க முடியும். கிளிசராலில் ஏற்றினால் துகள்கள் நாளடைவில் வீங்கும். அளவை வைத்து இனம் காணும்போது அது குழப்பம் தரும்.

படி 7: எண்ணுதல்

400 மடங்கு உருப்பெருக்கத்தில் எண்ணி, ஐயமுள்ளவற்றை எண்ணெய் ஆடியில் 1000 மடங்கில் பாருங்கள். சிறிய துகள்கள் மூடுகண்ணாடியின் ஓரங்களுக்கு நகர்ந்துவிடுவதால், நடுப்பகுதியில் மட்டும் எண்ணக் கூடாது. சில்லின் முழு அகலத்தையும் கோடு கோடாகக் கடக்க வேண்டும். 300 துகள் என்பது பலரும் ஏற்கும் குறைந்தபட்ச அளவு. எனினும் மோரேசியோ செக்ரோபியாவோ பாதிக்கு மேல் ஆக்கிரமித்திருந்தால், அவற்றை நீக்கிய பிறகும் இருநூறு துகளாவது எஞ்சும் வரை தொடருங்கள். காட்டின் தனித்தன்மையைச் சொல்லும் அரிய இனங்கள் அந்த எஞ்சிய பகுதியில்தான் இருக்கின்றன.

மோரேசியின் பல துகள்களை அர்டிகேசியிலிருந்தும், மெலாஸ்டொமாட்டேசியின் துகள்களைக் கம்ப்ரிட்டேசியிலிருந்தும் ஒளி நுண்ணோக்கியில் பிரிப்பது கடினம். புல் இனங்கள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ ஒன்றே. இத்தகையவற்றைக் கூட்டுப்பெயரில் பதிவது நேர்மையானது. இனம் தெரியாத வகைகளுக்கு எண் கொடுத்து, படமெடுத்து, சில்லில் அவற்றின் இடத்தைக் குறித்து வையுங்கள். ஒட்டிக் கிடக்கும் துகள்கொத்துகளைத் தனி நிரலில் எழுதுங்கள். அவை பொறிக்குள் மகரந்தப்பையே விழுந்ததற்கான சாட்சி.

படி 8: கணக்கிடுதல்

வரத்தை, அதாவது ஓராண்டில் ஒரு சதுர சென்டிமீட்டரில் வந்து விழும் துகள்களின் எண்ணிக்கையை, கணக்கிடும் முறை எளிது. ஒரு பொறியின் மாதிரியில் 20,000 லைகோபோடியம் வித்துகளைச் சேர்த்திருக்கிறோம் என்றும், எண்ணியபோது 400 மகரந்தமும் 200 லைகோபோடியமும் கிடைத்தன என்றும் கொள்வோம். பொறியில் இருந்த மொத்த மகரந்தம் 40,000. புனலின் வாய்ப்பரப்பு 100 சதுர சென்டிமீட்டர், காலம் ஓராண்டு எனில், வரத்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆண்டொன்றுக்கு 400 துகள்.

வரத்து ஏன் தேவை, விழுக்காடு போதாதா என்ற கேள்வி எழும். ஒரு காட்டில் காற்றுவழி மரத்திலிருந்து 9,000 துகளும் பூச்சிவழி மரத்திலிருந்து 1,000 துகளும் விழுகின்றன என்போம். பின்னதன் பங்கு 10 விழுக்காடு. காற்றுவழி மரங்கள் குறைந்து அவற்றின் துகள் 3,000 ஆனால், பூச்சிவழி மரத்தில் எந்த மாற்றமும் இல்லாமலேயே அதன் பங்கு 25 விழுக்காடாகிவிடுகிறது. விழுக்காட்டில் ஒவ்வோர் இனமும் மற்றவற்றின் கைதி. இதை ஃபாகர்லிண்ட் 1952இல் கணக்காகவே விளக்கினார்.

மார்கரெட் டேவிஸ் 1963இல் முன்வைத்த ஆர் மதிப்பு, மகரந்த விழுக்காட்டைத் தாவர விழுக்காட்டால் வகுப்பது. மகரந்தத்தில் 40, அடிப்பரப்பில் 10 விழுக்காடு கொண்ட இனத்தின் ஆர் மதிப்பு 4. ஒன்றுக்கு மேல் எனில் மிகைப்பதிவு, கீழ் எனில் குறைப்பதிவு. நூற்றுக்கணக்கான இனங்களும் எங்கும் சுழியங்களும் கொண்ட காட்டில் இந்த எண் பல இனங்களுக்கு வரையறுக்கவே இயலாததாகிவிடும். ஆகவே, முதலில் இருப்பு–இன்மை அடிப்படையிலான மூன்று குறியீடுகளைக் கணக்கிடுமாறு பரிந்துரைக்கிறேன். ஓர் இனம் மரமாகவும் மகரந்தமாகவும் இருந்த இடங்கள் 6, மகரந்தம் மட்டும் இருந்தவை 9, மரம் மட்டும் இருந்தவை 3 எனில், இணைவுக் குறியீடு (எல்லா இடங்களிலும் இரண்டும் சேர்ந்திருந்தவற்றின் பங்கு) 6/18, அதாவது 0.33, மிகைக் குறியீடு (மகரந்தம் இருந்த இடங்களில் மரம் இல்லாதவற்றின் பங்கு) 9/15, அதாவது 0.6, குறைக் குறியீடு (மரம் இருந்த இடங்களில் மகரந்தம் இல்லாதவற்றின் பங்கு) 3/9, அதாவது 0.33. இந்த இனத்தின் மகரந்தத்தைக் கண்டவுடன் மரம் அங்கேயே நின்றது என்று சொல்ல முடியாது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

பரவலாகக் காணப்படும் பத்துப் பன்னிரண்டு இனங்களுக்கு மட்டும் அடுத்த கட்டத்திற்குச் செல்லலாம். பொறியிலிருந்து 10, 20, 50, 100 மீட்டர் வளையங்களில் உள்ள அடிப்பரப்பைத் தொலைவால் வகுத்து எடையிட்டு, எந்த வளையம் வரை சேர்க்கும்போது மகரந்தத்தோடு பொருத்தம் உயர்கிறது, எங்கே அது சமன்படுகிறது என்று பாருங்கள். பொருத்தம் சமன்படும் தொலைவே அந்த மாதிரிக்குப் பொருத்தமான மூலப்பரப்பின், அதாவது மகரந்தம் வந்து சேரும் நிலப்பரப்பின், எல்லை என்பது சுகிதாவின் 1994ஆம் ஆண்டுக் கருத்து. பூச்சிவழி இனங்களுக்கு இந்த வளைவு ஒழுங்காக வராவிட்டால் அதை வற்புறுத்தி வரவழைக்க வேண்டாம். காடு வகைகளைப் பிரிப்பதற்கு, வர்க்கமூலமாக மாற்றிய விழுக்காடுகளை, ஒத்த மாதிரிகளை அருகருகே நிறுத்திக் காட்டும் தரவரிசைப் பகுப்பில் இட்டு, தாவரத் தரவின் படத்தோடு மகரந்தப் படம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சோதித்தால் போதும்.

படி 9: எண்களைப் படித்தல்

முன்னோடி மரங்களின் மகரந்தத்தைக் கண்டவுடன் காடு அழிந்தது என்று எழுதிவிடுவது இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை. செக்ரோபியா, ட்ரீமா, மக்கராங்கா ஆகியவை, மரம் விழுந்து உண்டான சிறு இடைவெளியில் வளர்ந்தாலே மகரந்த மழையை நிரப்பவல்லவை. முதிர்ந்த, சிதையாத காட்டின் இன்றைய மாதிரிகளில் இவற்றின் இயல்பான அளவு எவ்வளவு என்பதை முதலில் நிறுவிக்கொண்டு, அதைத் தாண்டும்போது மட்டுமே இடையூறு பற்றிப் பேச வேண்டும்.

புல் மகரந்தமும் இவ்வாறே. அது திறந்த புல்வெளியிலிருந்து வந்திருக்கலாம், ஏரிக்கரைச் சதுப்பிலிருந்து வந்திருக்கலாம், காட்டின் அடித்தட்டு மூங்கிலிலிருந்தும் வந்திருக்கலாம். உடன் வரும் கோரை, நீர்த்தாவரம், புல்வெளி மரங்கள் ஆகியவற்றின் துகள்களைச் சேர்த்துப் படிக்காமல் புல்லை மட்டும் வைத்து வறட்சியை அறிவிக்க முடியாது. தாழ்நில மாதிரியில் போடோகார்ப்பஸ், ஆல்னஸ் ஆகிய மலைமரங்களின் துகள்கள் ஒருசில வந்தால், அவை மலையிலிருந்து காற்றிலோ ஆற்றிலோ வந்தவையா என்று முதலில் கேளுங்கள்.

மறுதிசையில், குறைப்பதிவு பெறும் இனங்களுக்கு மிகுந்த எடை கொடுக்க வேண்டும். தொலைவு செல்லாத, கனமான பூச்சிவழித் துகள் இரண்டே இரண்டு கிடைத்தாலும், அம்மரம் மிக அருகில் நின்றது என்பதற்கு அது வலுவான சான்று. பத்து விழுக்காடு செல்டிஸ் துகளால் அவ்வளவு உறுதியாக எதையும் சொல்ல இயலாது. இதனால்தான் ஒரு விழுக்காட்டுக்குக் கீழே உள்ள எல்லா இனங்களையும் வரைபடத்திலிருந்து வெட்டிவிடும் பழக்கம், வடக்கே வசதியானதாயினும், வெப்பமண்டலத்தில் சேதம் விளைவிக்கிறது.

பதப்படுத்திய எச்சத்தைச் சிலிக்கான் எண்ணெயிட்ட சிறு புட்டிகளில் மூடி, நிலத்துண்டு எண், பொறி எண், வைத்த நாள், எடுத்த நாள் ஆகியவற்றோடு பாதுகாத்து வையுங்கள். வெளியிடும்போது விழுக்காடுகளை மட்டும் தராமல், எண்ணிய மூல எண்ணிக்கைகள், சேர்த்த லைகோபோடியத்தின் அளவு, தாவரக் கணக்கெடுப்பின் முழுப் பட்டியல், அறியாத வகைகளின் படங்கள் ஆகியவற்றை நியோட்டோமா போன்ற திறந்த தரவகத்தில் சேருங்கள். இன்று எண் மட்டுமே உள்ள ஒரு துகளை, அதே காட்டில் வேலை செய்யும் மற்றொருவர் பூவோடு கண்டுபிடிக்கும்போது, உங்கள் எண்ணிக்கைத் தாளில் அந்த நிரலுக்கு ஒரு பெயர் கிடைத்துவிடும்.